சிங்கப்பூர் சுற்றி வந்த சேதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஆடுதுறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டுத் திண்ணையை அடைத்து ஷட்டர் போட்ட ஒரு அறை, இரண்டு மிஷின். எதிர்த்த டீக்கடைக்கு உங்கள் பத்திரிகை வரும். பதினொரு மணிக்கு மேல் கூட்டம் கலைந்ததும் அந்த அண்ணன் பேப்பரை மடித்து எங்கள் அத்தையிடம் கொடுத்துவிடுவார். அத்தை ராசிபலன் பார்த்து முடித்த பிறகு எனக்கு வரும். நான் முதலில் படிப்பது வாசகர் கடிதம்தான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

சென்ற வாரம் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். காலை ஒன்பதரை மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் கல்லூரிப் பெண்கள் கழுத்தில் கிடக்கிற ஐடி கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு எங்கோ கிளம்புகிறார்கள், அரசாங்கம் கொடுக்கிற இலவசப் பஸ்ஸும் மாதம் ஆயிரம் ரூபாயும்தான் இதற்கெல்லாம் காரணம், போலீஸ் ரோந்து போட வேண்டும் என்று. படித்ததும் சிரிப்பு வந்தது, அடிவயிற்றில் கொஞ்சம் கலக்கமும் வந்தது. ஏனென்றால் அதற்கு மூன்று வாரம் முன்னால் அப்படிக் கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டவர்களில் என் மகளும் ஒருத்தி.

மகள் கும்பகோணத்தில் பி.ஏ. வரலாறு, இரண்டாம் வருஷம். தினமும் காலை எட்டு மணிக்குக் கிளம்பி மெயின் ரோட்டில் நின்று மேற்கே போகிற பஸ்ஸைப் பிடிப்பாள். அன்றைக்கு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்று கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். திருபுவனத்துப் பெண்கள் இரண்டு பேர் அந்த பஸ்ஸில் ஏற்கெனவே சீட்டுப் போட்டு வைத்திருந்தார்களாம். குத்தாலத்தில் நாலாவது ஆள். எங்கே என்றால் தரங்கம்பாடி.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு முதலில் தெரிந்தது என் வீட்டுக்காரருக்கு. அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பதினோரு வருஷமாக இருக்கிறார். பேங்க் ஓடிபி வருவதற்காக மட்டும் உயிரோடு வைத்திருக்கிற ஒரு இந்திய சிம் அவர் போனில் உண்டு. மகளைக் கல்லூரியில் சேர்க்கும்போது என் மகன்தான் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டான். 'பெற்றோர் கைபேசி' என்று ஒரே ஒரு கட்டம். அப்பா நம்பரைப் போட்டுவிட்டான். யார் போட்டாலும் அதைத்தான் போடுவார்கள்.

முதல் பீரியடில் வருகை எடுத்து, வராதவர்கள் வீட்டுக்குப் பதினொன்றே கால் வாக்கில் கம்ப்யூட்டரே மெசேஜ் அனுப்பிவிடுமாம். அனுப்பியிருக்கிறது. அவர் வேலை முடிந்து லாக்கரைத் திறந்து போனைப் பார்த்தபோது அங்கே ராத்திரி ஏழு. இங்கே சாயங்காலம் நாலரை. அப்புறம் எனக்குப் போன் அடித்தார். ஆடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே பதினைந்து கிலோமீட்டர்கூடக் கிடையாது. என் மகள் கல்லூரிக்கு வரவில்லை என்கிற சேதி கடல் தாண்டிப் போய், அஞ்சு மணி நேரம் லாக்கருக்குள் கிடந்து, திரும்பிக் கடல் தாண்டி எனக்கு வந்து சேர்ந்தது. அந்த அஞ்சு மணி நேரமும் நான் பஸ் ரோட்டிலிருந்து நாலாவது வீட்டில் பிளவுஸ் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. மெசேஜ் முழுக்க இங்கிலீஷ். போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தேன், கை வேலையாக இருந்ததால். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்: "யுவர் வார்டு... ஆப்சென்ட்..." வார்டு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அத்தை முறத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். "ஐயோ, எம் பேத்தி எந்த ஆஸ்பத்திரி வார்டுலடா கெடக்குறா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு அலறல். டீக்கடை அண்ணன் கல்லாவை விட்டு ஓடி வந்தார். எதிர்வீட்டு அக்கா வந்தார். வார்டு என்றால் பிள்ளை என்றும் ஒரு அர்த்தம் இருக்கிறதாம், பத்தாவது படித்த எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவர் அங்கிருந்து "அம்மா, ஆஸ்பத்திரி இல்லம்மா, காலேஜும்மா" என்று கத்துகிறார். உளுந்து வாசல் வரை சிதறிக் கிடக்கிறது.

மகள் போன் சுவிட்ச் ஆஃப். போட்டோ எடுத்தே சார்ஜ் தீர்ந்துபோயிருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? நாலரையிலிருந்து ஆறு மணி வரை நான் என்னென்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. மிஷினை நிறுத்தவில்லை, அவ்வளவுதான் சொல்வேன். ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸுக்கு வலது கையை இடது பக்கம் வைத்து அடித்துவிட்டேன். இருபத்தொரு வருஷத்தில் அந்தத் தப்பு பண்ணியதில்லை. ஆரி வேலை செய்த துணி, ஊசிப் புள்ளி தெரியாமல் பிரித்து மாற்றித் தைக்க ராத்திரி பன்னிரண்டாகிவிட்டது.

ஆறு மணிக்கு மகள் உள்ளே வந்தாள். "ஏன் லேட்டு?" என்றேன். "ஸ்பெஷல் கிளாஸும்மா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் போட்டிருந்த சுடிதார் பேன்ட் நான் தைத்தது. கீழ் மடிப்பை இரண்டு விரல் அகலம் விட்டு உள்ளே மடித்துக் கைத்தையல் போட்டிருப்பேன், பின்னால் உயரம் கூட்டிக்கொள்ளலாம் என்பதற்காக. அந்த மடிப்பு ஒரு இடத்தில் நூல் விட்டு வாய் பிளந்திருந்தது. குனிந்து அதைத் திருப்பினேன். கால் கிண்ணம் மணல் கொட்டியது. ஆற்று மணல் இல்லை. ஆற்று மணல் பெரும் பொடியாக இருக்கும். இது மாவு மாதிரி, நடு நடுவே கிளிஞ்சல் தூள் மின்னுகிறது. வாட்டர் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். தினமும் காலியாக வரும் பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. வெயிலில் நாள் முழுக்கச் சுற்றிய பிள்ளை ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று உங்கள் ஆண் வாசகர்களுக்குச் சட்டென்று விளங்காது. வெளியூர் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குள் போகப் பயந்து நாலு பேரும் அளந்து அளந்து நாக்கை நனைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைப்புறம் ஓடினாள்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது தானாகவே சொல்லிவிட்டாள். எதற்குப் போனீர்கள் என்று கேட்டேன். "சும்மாம்மா" என்றாள்.

அந்தப் பெரியவர் பணத்தைப் பற்றிச் சொன்னாரே, அதற்கு வருகிறேன். மகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு எழுதியிருந்தாள், நாலு பேர் பெயருக்கும் கோடு போட்டு. ஓசிப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். அதற்காகக் காத்திருந்தால் தரங்கம்பாடி போய்ச் சேரவே மத்தியானம் ஆகிவிடும் என்று புறநகர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத்தான் போயிருக்கிறார்கள். பஸ், மாங்காய் பத்தை, ஆளுக்கு ஒரு ஐஸ், எல்லாம் சேர்த்து ஒருத்திக்கு 160 ரூபாய். சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டுபோன டிபன் பாக்ஸ். என் மகளுடையது எலுமிச்சை சாதம், நான் கிளறியது. என்னையும் அறியாமல் நானும் அந்தப் பயணத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஆயிரம் ரூபாய் உண்மைதான், புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் அவள் கணக்குக்கு வருகிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் ஆரம்பித்தார்கள். அந்தத் திட்டத்தின் முழுப் பெயரில் இருப்பவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். மூவலூர் வேறெங்கோ இல்லை, எங்கள் பக்கத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில்தான் இருக்கிறது. பெண்களைக் கோயிலில் பொட்டுக் கட்டித் தேவதாசியாக விடுகிற வழக்கத்தை எதிர்த்து அந்த அம்மா ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். முன்பு அவர் பெயரில் கல்யாணத்துக்குத்தான் உதவித்தொகை கொடுத்தார்கள். அது கிடைக்கும் என்பதற்காகவே என்னைப் பத்தாவது வரை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பத்தோடு நிறுத்தியும் விட்டார்கள். இப்போது அதே பெயரில் படிப்பதற்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் 160 ரூபாயை ஒரு நாள் கடற்கரைக்குச் செலவு பண்ணியதற்கு ராமாமிர்தம் அம்மையார் வருத்தப்பட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மீதியில் அவள் செமஸ்டர் பீஸ் கட்டினாள், அத்தைக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தாள். அதையும் அந்த ஐயா எழுதலாம்.

வரலாறு படிக்கிற பிள்ளை தரங்கம்பாடிக் கோட்டை பார்க்கத்தானே போனாள் என்று நான் சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை. போட்டோக்களைப் பார்த்தேன். எழுபத்தெட்டு போட்டோ. அதில் கோட்டை மூன்று, மீதி எல்லாம் இவர்கள் நாலு பேர். ஆனாலும் அந்தக் கோட்டையை டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டினார்கள், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கித்தான் கட்டினார்கள், 1845-ல் இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போனார்கள் என்று என்னிடம் அவள் சொன்னது எந்தப் பரீட்சைக்கும் இல்லை. கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயிலைப் பற்றி அத்தையிடம் சொன்னாள். அத்தை பதிலுக்கு, மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு முன்பு ரயில் ஓடியதே, 1986-ல்தானே நிறுத்தினான், உங்க தாத்தா அதில்தான் என்னைக் கடல் பார்க்கக் கூட்டிப் போனார் என்று ஆரம்பித்துவிட்டார். சற்று முன்பு வரை திட்டிக்கொண்டிருந்தவர். ஆசிரியருக்கு ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் அச்சுத் தொழிலில் இருப்பதால். புதிய ஏற்பாட்டைத் தமிழில் 1715-ல் அச்சடித்து முடித்த ஊர் அதுதானாம். மகள் சொன்னாள்.

கும்பகோணத்துக் கல்லூரி என்றால் எல்லோரும் ராமானுஜன் பெயரைச் சொல்வார்கள். அவர் 1904-ல் அங்கே சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதைக் கண்டுகொள்ளாமல், உதவித்தொகை போய், அடுத்த வருஷம் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டவர். என் மகள் ராமானுஜன் இல்லை, பன்னிரண்டாவதில் கணக்குக்குப் பயந்து வேறு குரூப் எடுத்தவள். எனக்கு அவருடைய அம்மாவைத்தான் நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்த நாட்களில் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டு வாசலில் அந்த அம்மா எப்படி நின்றிருப்பார் என்று.

சரி, நானும் யோக்கியம் இல்லை. பத்தாவது முடித்துத் தையல் கிளாஸ் போன வருஷம், மேட்டூர் திறந்த தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர்கிறது என்று யாரோ சொல்ல, நானும் இரண்டு சிநேகிதிகளும் கிளாஸுக்குப் போகாமல் ஆற்றுப் பாலத்தில் போய் நின்றோம். காய்ந்து வெடித்த ஆற்றில் முதலில் தண்ணீர் தெரியாது. சருகும் நுரையும் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு வருகிற மாதிரி மெல்ல நகர்ந்து வரும், மணல் அதைக் குடித்துக் குடித்து உஸ் உஸ் என்று சத்தம் போடும், பின்னால்தான் தண்ணீர். மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டில் தெரியவே தெரியாது. எங்கள் அம்மா செத்தது வரைக்கும் தெரியாது.

ஆகவே போனது தப்பு என்று என் மகளிடம் நான் சொல்லவில்லை. பொய் சொன்னதற்குத் திட்டினேன், தண்டனையாக ஒரு வாரம் ஆறு சேலைக்கு ஃபால்ஸ் தைக்க வைத்தேன். "சொல்லிட்டுப் போனா விட்டிருப்பியாம்மா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். கோயிலுக்கு என்றால் விட்டிருப்பேன். சிநேகிதி அக்கா கல்யாணம் என்றால் விட்டிருப்பேன். சும்மா என்று கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன். என் மகன் பாலிடெக்னிக் படித்த மூன்று வருஷமும் எத்தனை நாள் ஈரத் தலையோடு வந்திருக்கிறான்! காவிரியில் குதித்துவிட்டு வருகிறான் என்று பார்த்தாலே தெரியும். எங்கேடா போனாய் என்றால் "சும்மா" என்பான். அவன் அப்பா போனில் சிரிப்பார். கேட்காமல் விட்டதற்குக் காவிரி ஒன்றும் பாதுகாப்பான இடம் இல்லை, வருஷம் தவறாமல் அதில் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம். இருந்தும் கேட்கவில்லை.

ஒரு செமஸ்டருக்கு 90 நாள், எழுபத்தைந்து சதவீதம் வந்தால் பரீட்சை எழுதலாம் என்பது கல்லூரி சொல்கிற கணக்கு. அதாவது 68 நாள் வந்தால் போதும். அந்த 22 நாளில் ஒரு நாள் போனதற்கு என் வீட்டில் உளுந்துதான் சிதறியது. குத்தாலத்துப் பெண் வீட்டில் நடந்தது வேறு. அவள் அப்பா ஊரில் இருப்பவர், மெசேஜ் அவர் கைக்கு உடனே போய்விட்டது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்திலேயே நின்றிருக்கிறார். என்ன நடந்தது என்பது அந்தக் குடும்பத்து விஷயம். மறுநாளிலிருந்து "படித்துக் கிழித்தது போதும்" என்று பெண்ணை வீட்டோடு நிறுத்திவிட்டார். ஒரு நாள் வகுப்புக்குப் போகாததற்கு எட்டு நாள் வகுப்புக்குப் போகக் கூடாது. அந்த எட்டு நாளும் பதினொன்றே காலுக்கு, உங்கள் வார்டு வரவில்லை என்று கல்லூரி மெசேஜ் அனுப்பியிருக்கிறது, நிறுத்தி வைத்த அதே மனிதருக்கு. எட்டு நாளாக ஏன் வரவில்லை என்று ஒரு ஆள் போன் எடுத்துக் கேட்கவில்லை. திருபுவனத்துப் பெண் ஒருத்தியின் அம்மாவும் நானுமாகக் கடையைப் பூட்டிவிட்டுப் போய் அவரிடம் பேசினோம். அவர் எங்களிடம் பேசவே இல்லை, அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தார். ஒன்பதாம் நாள் பெண் கல்லூரிக்கு வந்துவிட்டாள். நாங்கள் போனதால்தானா, மனைவி ஏதாவது சொன்னாரா, தெரியாது.

மெசேஜ் அனுப்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கு அனுப்புங்கள் என்கிறேன். எங்கள் தெருவிலேயே ஏழு வீட்டில் ஆம்பளை வெளிநாடு. சிங்கப்பூர், துபாய், குவைத். பிள்ளை காலையில் சாப்பிட்டதா, காய்ச்சலா, தூரமா, எந்த பஸ்ஸில் போனது என்று தெரிந்தவள் வீட்டில் இருக்கிறவள்தான். அவள் நம்பருக்கு ஒரு கட்டம் விண்ணப்பத்தில் கிடையாது. அனுப்புவதையும் தமிழில் அனுப்புங்கள். 'உங்கள் மகள் இன்று முதல் பீரியடுக்கு வரவில்லை' என்று எழுதினால் எந்தக் கம்ப்யூட்டரும் கெட்டுப்போகாது. பதினொன்றே காலுக்கு அது என் கைக்கு வந்திருந்தால் அவள் போனில் சார்ஜ் இருந்தபோதே கூப்பிட்டிருப்பேன், திட்டியிருப்பேன், சரி, வந்தது வந்துவிட்டாய், அலையில் இறங்காதே, நாலு மணி பஸ்ஸில் ஏறிவிடு என்று சொல்லியிருப்பேன்.

போன மாதக் கடைசியில் இதையே ஒரு தாளில் எழுதி என் நம்பரைப் போட்டுக் கல்லூரி ஆபீசுக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். சாப்ட்வேரில் ஒரு நம்பர்தான் ஏறும் என்றார். சரி, அப்பா நம்பரை எடுத்துவிட்டு என்னுடையதைப் போடுங்கள் என்றேன். அதற்கு அப்பா கையெழுத்து வேண்டுமாம். அவர் சிங்கப்பூரில் இருக்கிறார் தம்பி என்றேன். "வரும்போது போடச் சொல்லுங்கம்மா" என்றார். அவர் பொங்கலுக்குத்தான் வருகிறார்.

போன வியாழக்கிழமை மகளுக்குக் காய்ச்சல். நான்தான் போக வேண்டாம் என்று கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தேன். சாயங்காலம் நாலரைக்குப் போன் அடித்தது. "இன்னிக்கு எங்க போயிருக்கா?" என்றார். பக்கத்தில் படுத்திருந்தவளிடம் போனைக் கொடுத்தேன்.

என் பெயரைப் போட வேண்டாம். ஆடுதுறை, தையல் கடை என்று போட்டால் போதும், இங்கே தையல் கடை நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆடுதுறை